அத்தான் விட்ட கன்றுகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. டைப் அடிக்கிறவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். சொல்லியிருப்பதைத் திருத்தக் கூடாது.

போன மாதம் அக்கா மகன் கீழ்வேளூரிலிருந்து போன் செய்தான்.

"மாமா, அப்பாவோட மொத வருச நெனவுக்குச் சின்னதா ஒரு புத்தகம் போடுறோம். சொந்தக்காரங்க ஆளுக்கு ஒரு பக்கம். நீங்களும் எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத வராதேப்பா."

"அப்பா ஒங்க காட்டுக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க, அத எழுதுங்க மாமா. அன்னைக்கு அப்பா பேரச் சொல்லி அங்க காளக்கன்னு விடப்போறோம். ஊர்ல ஆளுக்கு ஒண்ணு தர்றேங்கிறாங்க. ஒரு லாரி தேறும். ஒங்களுக்குத்தான் எடம் தெரியும். நீங்கதான் முன்ன நின்னு விட்டுக் குடுக்கணும்."

நான் "ம்" என்றேன். எனக்கு எதற்கும் அந்த "ம்"தான் வரும். நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு எழாது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டு பேச்சிலிருந்து தப்பித்துவிடுவேன். போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

அந்த லாரி இங்கே வரக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். அத்தானைப் பற்றி எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். அவர் பெயர் புத்தகத்தின் அட்டையில் பெரிதாக இருக்கப் போகிறது. இங்கே வேண்டாம்.

அத்தான் எறும்புச் சாரை கண்டால் தாண்டித்தான் கால் வைப்பார். சினைப்பசு தீனி எடுக்காவிட்டால் அவரும் சாப்பிட மாட்டார். அக்கா சோற்றைப் போட்டுவிட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மாடு எப்போது வாய் வைக்கும், மனுஷன் எப்போது வாய் வைப்பார் என்று. அதையெல்லாம் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அத்தானிடம் இன்னொன்று இருந்தது. எதையும் கொல்லவும் மாட்டார், வைத்துக்கொள்ளவும் மாட்டார். கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவார். விடும்போது குனிந்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "போ சாமி, போயி பொழச்சுக்க" என்பார்.

சம்பா கதிர் வருகிற சமயத்தில் எலி வெட்டும். ஊரில் எல்லாரும் மூங்கில் கிட்டி வைப்பார்கள். எலி அதில் மாட்டிச் சாகும். அத்தான் மட்டும் கம்பிக்கூண்டு வைப்பார். விடிந்ததும் கூண்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி அந்தக் கரையில் திறந்துவிடுவார். அந்தக் கரையில் இருப்பது அவருடைய பங்காளி தங்கராசுவின் வயல். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். மடை பார்த்துக்கொண்டிருந்த தங்கராசு எழுந்து வந்தார்.

"என்ன பங்காளி, எலிக்கெல்லாம் என் வயல்ல பட்டா எழுதிக் குடுத்துட்டியா?"

"உசுரு பங்காளி. எங்கயாச்சும் பொழைக்கணும்ல."

"உன் வயல்லயே பொழைக்கட்டும். அங்கயும் நெல்லுதான வெளையுது?"

அத்தான் சிரித்தார். "கோவப்படாத. சாயங்காலம் வீட்டுக்கு வா, காப்பி சாப்புடலாம்."

தங்கராசு சாயங்காலம் வந்தார், காப்பி குடித்தார், சிரித்துப் பேசிவிட்டுப் போனார். அத்தானிடம் யாருக்கும் கோபம் தங்காது. நாய் குட்டி போட்டால் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கும்பகோணம் பஸ் நிற்கிற இடத்தில் வைத்துவிட்டு வருவார். வீட்டுக்குள் சாரைப்பாம்பு வந்தால் குடத்துக்குள் விட்டுக் கட்டி, பக்கத்து ஊர்க் குளத்தங்கரையில் அவிழ்த்துவிடுவார். பக்கத்து ஊர்க்காரர்களும் அவரை நல்ல மனுஷன் என்றுதான் சொன்னார்கள்.

எனக்கும் அவர் செய்திருக்கிறார். பெரிய புயலில் எங்கள் ஊரில் ஓடு தங்கிய வீடு கிடையாது. என் வீட்டுக்குச் சுவரும் இல்லை. சாலையில் விழுந்த மரங்களை வெட்டி முடிப்பதற்குள், டிராக்டரில் அரிசி, தார்ப்பாய், வைக்கோல் எல்லாம் ஏற்றிக்கொண்டு முதலில் வந்தவர் அத்தான்தான். பொங்கிய சோற்றை என் பிள்ளைகளுக்குத் தன் கையால் போட்டார். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குத் தெற்கே, காட்டை ஒட்டியிருக்கிறது. அந்தக் காட்டில் எனக்கு வனத்துறையில் தினக்கூலி வேலை. கோடையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவது, சீமைக்கருவை வெட்டுவது. காடு என்றாலே எல்லாரும் மரத்தை நினைக்கிறார்கள். எங்கள் காட்டில் மரங்களுக்கும் கடலுக்கும் நடுவில் பெரிய புல்வெளி இருக்கிறது. வெளி என்றுதான் சொல்வோம். வெளிமான் இருப்பது அங்கேதான்.

வைக்கோல் கொண்டுவந்த அன்றைக்கு அத்தானை அங்கே அழைத்துப் போனேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ எடம் தரிசாவா கெடக்கு மாப்ள?"

"தரிசு இல்லத்தான். மான் மேயுற எடம்."

"மான் எங்க இருக்கு? அந்தாக்க நாலு நிக்குது. எங்க ஊர்ல ஒரு மா நெலத்துக்கு அண்ணன் தம்பி அருவாளத் தூக்குறான். இங்க பாரு, சாமி சும்மா போட்டு வச்சிருக்கு."

அவர் கண்ணில் நீர் நின்றது. நான் அப்போது அது புயலை நினைத்து என்று நினைத்தேன். வயல்காரர் கண்ணுக்குப் பயிர் இல்லாத நிலமெல்லாம் தரிசு. ஒரு நிலம் சும்மா இருக்கிற மாதிரித் தெரிந்தால் அவர்களுக்குத் தாங்காது.

அந்த வெளி சும்மா இல்லை. புள்ளிமான் மர நிழலில் இருக்கும். குரங்கு பாலைமரத்தில் ஏறிப் பழத்தைக் கடித்துக் கடித்துப் போட, கீழே நின்று பொறுக்கும். பன்றி ஈரமான இடத்தில் கோரைக்கிழங்கு தோண்டும். வெளிமானுக்கு மரத்துக்குள் ஒதுங்கத் தெரியாது. அதற்குக் கண்ணும் காலும்தான் காவல். தூரம் தெரிய வேண்டும், ஓட இடம் வேண்டும். அது தின்பதும் வெளியில் உள்ள குட்டைப்புல்தான். பிறகு மட்டக்குதிரைகள். எந்தக் காலத்திலோ யாரோ வளர்த்து, வேலை தீர்ந்ததும் விட்டுப்போன குதிரைகளின் வம்சம். அந்தக் காலத்திலும் ஒரு அத்தான் இருந்திருப்பார்.

இவற்றின் பல்லைப் பற்றி எனக்குச் சொன்னது ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண். மானுக்கும் மாட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது. மாடு நாக்கால் சுற்றிப் பிடித்துப் புல்லை அறுக்கும். நீளப்புல் இருந்தால் அதற்குச் சௌகரியம். வெளிமான் சின்ன வாயால் துளிராகப் பார்த்து எடுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் பல் உண்டு, தரையோடு நறுக்கிவிடும். மழைக்காலத்தில் இதனால் சண்டை இல்லை. மாடு நீளப்புல்லைத் தின்றால் அடியிலிருந்து துளிர் வரும், அது மானுக்கு ஆகும். அந்தப் பெண் சொன்ன பிறகு நானும் போய் நின்று பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. கோடையில்தான் கணக்கு மாறுகிறது. நீளப்புல் தீர்ந்துபோகும். மாடும் குட்டைப்புல்லுக்கு இறங்கும். குதிரைக்கும் அதே, மானுக்கும் அதே. பெரிய உடம்புக்காரன் முதலில் தின்பான். மாடு சீமைக்கருவை நெற்றையும் தின்று வெளி முழுக்கச் சாணி போடும். அடுத்த மழைக்கு ஒவ்வொரு சாணியிலும் முள்ளுக்கன்று கிளம்பும். வெட்டுகிறவன் நான்தான், எனக்குத் தெரியும்.

புயலுக்குப் பிறகு, கடல் ஏறிய உப்பை மழை கழுவிப் புல் திரும்பி வந்த கோடையில், அத்தான் முதல் கன்றுகளைக் கொண்டுவந்தார். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. காளைக்கன்று பிறந்தால் வைத்திருக்க யாருக்கும் மனமில்லை, அடிமாட்டுக்கு விற்கவும் அத்தான் மாதிரி ஆட்களுக்கு மனமில்லை. சின்ன லாரியில் உப்பளத்துப் பக்கமாக வந்தார். அந்தப் பக்கம் வேலி கிடையாது. நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. ஒவ்வொன்றாக இறக்கி, கயிற்றை அறுத்து, கற்பூரம் காட்டினார்.

"போ சாமி, போயி பொழச்சுக்க."

ஒன்றும் போகவில்லை. லாரியைச் சுற்றியே நின்றன. அத்தான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். கன்றுகள் பின்னாலேயே ஓடிவந்தன. மாலை காலில் சிக்கி ஒன்று விழுந்து எழுந்து மறுபடியும் ஓடிவந்தது. அத்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு என் தொடையைத் தட்டினார்.

"பாத்தியா மாப்ள, நன்றி சொல்ல வருது."

தவிடும் புண்ணாக்கும் தின்று கொட்டகையில் கிடந்த கன்றுகள் அவை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உவர்க்குழியில் குடித்துக் கழிந்து செத்தவற்றை நான் இழுத்துப் போட்டிருக்கிறேன். பிழைத்தவை என் தொட்டியைக் கண்டுபிடித்துக்கொண்டு வெளியிலேயே தங்கின. அடுத்த கோடையிலும் லாரி வந்தது. அதற்கடுத்த கோடையிலும் வந்தது. அத்தானுக்கு அவருடைய ஊரில் சால்வை போட்டார்கள். அவருடைய மச்சினன் என்பதால் எனக்கும் கடைத்தெருவில் மரியாதை. என் மேலதிகாரி மட்டும் ஒரு நாள், "ஒங்க அத்தானாமே?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, வேறு ஒன்றும் கேட்காமல் போனார். காட்டு வேலைக்காரர்கள் சேர்ந்து கன்றுகளைப் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பிப் பார்த்தோம். பிடித்ததைவிட இறங்கியது அதிகம்.

ஒரு சித்திரையில், தொட்டிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வெளிக்குள் நடந்து வந்தேன். வெளிமான் குட்டி போட்டால் கூடவே கூட்டிக்கொண்டு திரியாது. புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். குட்டி தலையைத் தரையோடு ஒட்டி, காதை மடக்கி, அசையாமல் கிடக்கும். பக்கத்தில் போனாலும் எழாது. புல் மூடியிருக்கும் வரை அதுதான் அதற்குப் பாதுகாப்பு.

அன்றைக்கு ஒரு குட்டி கிடந்தது. தலையை ஒட்டி, காதை மடக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கிடந்தது. அதைச் சுற்றி எங்கும் புல் இல்லை. மொட்டைத் தரை. சாணியும் குளம்புத் தடமும்தான். மேலே வெயில். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். தாய் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் தொட்டால் மனுஷ வாடை ஒட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கருவை வெட்டிய கிளை கொஞ்சம் இழுத்துவந்து, எட்டத்தில் மறைவு மாதிரி போட்டேன். மறுநாள் போனபோது கிளை இருந்தது. குட்டி இல்லை. நரி இழுத்துப்போன கோடு மண்ணில் நன்றாகத் தெரிந்தது. தாய் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, அத்தான் விட்ட காளைகளில் ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அன்றே பஸ் ஏறிக் கீழ்வேளூர் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தான் வாசலில் மாட்டுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த உண்ணியைக்கூட நசுக்காமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. சாப்பிட்டியா?"

நான் நின்றபடியே சொன்னேன். புல் இல்லாததை, குட்டி கிடந்ததை, நரி கொண்டுபோனதை. என் வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான். அவர் முழுவதும் கேட்டார். முகம் வாடிவிட்டது. நிஜமாகவே வாடிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நரிக்கும் வயிறு இருக்குல்ல மாப்ள."

"அதுக்கில்லத்தான், கன்னு விட்டதால..."

"நாம யாரு மாப்ள, இது வாழணும் அது சாவணும்னு சொல்றதுக்கு? விட்டுட்டு வர்றதோட நம்ம வேல முடிஞ்சுது. மத்தத அவன் பாத்துக்குவான்." சிரட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, சாலையைக் கடந்துபோய், எதிர்வீட்டு வேலிக்குள் தட்டிவிட்டு வந்தார். எதிர்வீட்டிலும் மாடு இருந்தது.

அக்கா இலை போட்டாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது.

அவருடைய வயலில் ஒருமுறை ஊர்சுற்றிக் கன்று ஒன்று இறங்கிவிட்டது. நெல் பால் பிடிக்கிற பருவம். இதை அக்கா பெருமையாகத்தான் என்னிடம் சொன்னாள். அத்தான் கல்லெடுத்து எறியவில்லையாம், ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லையாம். தடவிக்கொடுத்துப் பிடித்துக் கட்டி, வைக்கோல் போட்டு, அன்று மாலையே வண்டியில் ஏற்றிவிட்டாராம். எங்கே என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வெளியில் புதுக்கன்று ஒன்று நின்றது. அத்தான் வயலில் அது ஒரு வாய்தான் வைத்தது. அந்த ஒரு வாய்க்கே அதற்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. எங்கள் வெளியில் சாகும் வரை தின்னலாம்.

எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் ஊரே சேர்ந்து தடுக்கும். நல்லவரை யார் தடுப்பது? அவர் கையில் ரத்தம் இல்லை. அவர் கொட்டகை சுத்தமாக இருந்தது, வயல் முழுசாக விளைந்தது, மனசும் நிறைந்திருந்தது. பசியை மட்டும் லாரியில் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அங்கே அது யார் வயிற்றில் ஏறுகிறது என்று ஒரு தடவை திரும்பி வந்து பார்க்கவில்லை.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்குப் போயிருந்தபோது பந்தலில் ஒவ்வொருவரும் அவர் கன்று விட்டதைத்தான் சொன்னார்கள். வாயில்லா ஜீவனுக்கு வழி காட்டினவர் என்றார்கள். நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுகையும் வந்தது. புயலன்று அவர் பிசைந்து போட்ட சோறு ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே ஒருவர்மேல் கோபமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு லாரி வரவில்லை. இருந்த காளைகளில் சிலவற்றைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். இந்தக் கோடையில் வெளியின் வடக்கு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் புல் நின்றிருக்கிறது. அதற்குள் குட்டிகள் கிடக்கின்றன. எத்தனை என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது. எனக்குத் தெரிந்தால் நரிக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஒரு லாரி கன்று.

இன்று காலை தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

"எழுதிட்டியாடா? பய கேட்டுக்கிட்டே இருக்கான்."

"எழுதிக்கிட்டிருக்கேன்க்கா."

"நல்லதா எழுது."

"அக்கா, கன்னு வரக் கூடாது."

"என்னடா சொல்ற?"

சொன்னேன். இங்கே எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். தொட்டி நிரம்பி வழிந்து என் கால் நனைந்துகொண்டிருந்தது. குழாயை மூடத் தோன்றவில்லை. கடைசியில் அக்கா கேட்டாள்.

"அவரு ஆசப்பட்டு செஞ்சது தம்பி. எல்லாரும் கொண்டாந்து நம்ம கொல்லையில கட்டிட்டுப் போயிட்டாங்க. அத்தனையையும் என்னடா பண்றது? அடிமாட்டுக்கு அனுப்பச் சொல்றியா?"

"கட்டித் தீனி போடுங்க. இல்லன்னா குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுங்க. ரெண்டும் முடியலன்னா வித்துடுங்க. பாவம்தான். அந்தப் பாவம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்க்கா. அதக் கொண்டாந்து இங்க எறக்காதீங்க."

"நீயாடா பேசுற?"

"நான்தான். உப்பளத்துப் பக்கம் ஒரே வண்டிப்பாத. அன்னைக்கு நான் அதுல நிப்பேன். நீ முன்னால உக்காந்து வந்தாலும் நிப்பேன்."

போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு கன்று கத்தியது, அப்புறம் இன்னொன்று.

"வைக்கிறேன்டா," என்றாள். "வெயில் ஏறிடுச்சு. இதுங்களுக்குத் தண்ணி வைக்கணும்."

சித்திரை மாதம் இருபத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை.